மிச்சம் பிடித்த நேரமெல்லாம் எங்கே போனது?

“எல்லாவற்றுக்கும் செயலி வந்துவிட்டது, எந்த வரிசையிலும் நிற்பதில்லை. ஆனாலும் பதினைந்து இருபது வருடத்துக்கு முன்பு இருந்த ஓய்வுகூட இப்போது இல்லை. வீடு மாறினேன், எல்லா இடத்திலும் முகவரியை மாற்றவே மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. நேரம் நிஜமாகவே குறைந்துவிட்டதா, இல்லை எனக்கு வயதாகிறதா?” இதுதான் வாசகர் ஒருவரின் கேள்வி.

வயதும் ஆகிறது, அதை விடுங்கள். ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. நான் பல வருடங்களாக இணையப் படிவங்களை வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். நீங்கள் தொலைத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அரை மணி நேரத்தையாவது என்னைப் போன்ற ஒருவன்தான் தின்றிருப்பான். அதனால் கொஞ்சம் குற்ற உணர்வோடுதான் எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: மிச்சமானதாகச் சொல்லப்படும் வேலையில் பெரும்பகுதி ஒழியவில்லை, கைமாறியிருக்கிறது. முன்பு ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ததை இப்போது நாம் சம்பளமில்லாமல் செய்கிறோம். அது நம் கைக்கு வந்தது வேலையாகவே தெரியாத வேடத்தில். ‘உங்கள் வசதிக்காக’ என்றுதான் அதன் மேல் எழுதியிருக்கும்.

இது கம்ப்யூட்டரோடு வந்த வழக்கமும் இல்லை. 1916 வரை பெரும்பாலான மளிகைக் கடைகளில் பட்டியலைக் கொடுத்தால் கடைக்காரர் உள்ளே போய் எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார். அந்த வருடம் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்தார். வாடிக்கையாளரே கூடையைத் தூக்கிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நடந்து பொருளை எடுத்து வர வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமைகூட வாங்கினார். நடப்பதும் தேடுவதும் சுமப்பதும் அன்றுதான் நம் பக்கம் வந்தன. பதிலுக்கு விலை குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும். பேரம் நியாயமாக இருந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை.

தொலைபேசியிலும் அப்படித்தான். இணைப்பகத்தில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் “இன்னாரோடு பேச வேண்டும்” என்று சொன்னால் போதும், அவர்களே கம்பியைச் செருகி இணைத்துவிடுவார்கள். தானியங்கி இணைப்பகத்துக்கு 1891-ல் காப்புரிமை வாங்கிய ஆல்மன் ஸ்ட்ரோஜர் சவ அடக்கத் தொழில் செய்தவர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற கோபத்தில்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. எப்படியோ, அதற்குப் பிறகு எண்ணைத் தேடுவதும் ஞாபகம் வைப்பதும் சுழற்றுவதும் தப்பாகச் சுழற்றினால் திரும்பச் சுழற்றுவதும் சந்தாதாரர் வேலை. 1967 ஜூனில் லண்டனின் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி வைத்த பணம் தரும் இயந்திரம் காசாளர் வேலையில் ஒரு துண்டை நம் கைக்குக் கொடுத்தது.

இந்த மூன்றையும் நான் குறையாகச் சொல்லவில்லை. ஆபரேட்டர் இல்லாததால் நம் பேச்சை இடையில் ஒருவர் கேட்க முடியாமல் போனது. இயந்திரம் வந்ததால் வங்கி மூடிய பிறகும் பணம் கிடைத்தது. தானே செய்துகொள்வதில் ஒரு விடுதலையும் இருக்கிறது. திக்குவாய் உள்ள என் நண்பன் ஒருவன், கவுன்டரில் ஆள் முன்னால் நின்று பேச வேண்டாம் என்பதற்காகவே எந்த மோசமான இணையதளத்தையும் மன்னித்துவிடுவான். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, படியேற வேண்டிய அலுவலகத்தைவிட வீட்டில் திறக்கும் படிவம் ஆயிரம் மடங்கு மேல். இதை மறந்துவிட்டு ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த வேலையில் பழக்கம் தேவைப்படும்போது. முகவரி மாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருந்தவர் அதை ஒரு நாளில் நூறு தடவை செய்தவர். எந்தக் கட்டம் கட்டாயம், எந்தச் சான்று செல்லும், பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தால் என்ன செய்யலாம் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் நூறு பேருக்கு ஐந்து மணி நேரம், ஒருவரின் ஒரு நாள் வேலை. இப்போது அதே நூறு பேரும் வீட்டில் உட்கார்ந்து, வாழ்நாளில் நாலைந்து தடவை மட்டுமே செய்யப்போகும் ஒரு காரியத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள். கடவுச்சொல் மறந்திருக்கும். புகைப்படத்தின் அளவு பெரிதாக இருக்கும், அதைச் சுருக்கத் தெரியாது. தலைக்கு அரை மணி என்று வைத்தாலும் ஐம்பது மணி நேரம். ஐந்து ஐம்பதானது. ஆனால் அந்த ஐம்பது எந்த அலுவலகக் கணக்கிலும் ஏறாது, ஏனென்றால் அது யாருடைய சம்பள நேரமும் இல்லை.

நான் இருந்த ஒரு நிறுவனத்தில் இதை நேராகவே பார்த்தேன். புதுப் படிவம் ஒன்றால் ஊழியர் நேரம் எவ்வளவு மிச்சமானது என்று அழகான வரைபடத்தோடு காட்டினோம், கைதட்டல் கிடைத்தது. விண்ணப்பம் நிரப்புகிறவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்க அந்த அட்டவணையில் ஒரு பத்தியே இல்லை. கைதட்டியவர்களில் நானும் இருந்தேன். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அளக்காததைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, அவ்வளவுதான்.

சமூகச் சிந்தனையாளர் இவான் இலிச் 1981-லேயே இதற்கு ‘நிழல் வேலை’ என்று பெயர் வைத்துவிட்டார். சம்பள வேலைக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் சம்பளமில்லாத வேலை. அவர் மனதில் இருந்தது வீட்டு வேலை, வேலைக்குப் போய்வரும் பயணம் போன்றவை. ஒரு நாளைக்குப் பத்து தடவை ‘நான் ரோபோ இல்லை’ என்று சத்தியம் செய்ய வேண்டிவரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நாம் மனிதர்தானா என்று சோதிக்கும் ‘கேப்ட்சா’ என்ற நெளிந்த எழுத்துப் புதிரை உருவாக்கியவர்களில் ஒருவரான லூயிஸ் வான் ஆன் பிறகு தானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். உலகத்தில் ஒரு நாளைக்கு சுமார் 20 கோடி தடவை அது நிரப்பப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. மொத்தம் தினமும் 5 லட்சம் மணி நேரத்துக்கும் மேல். மனிதருக்கு உறுத்தியது. அந்த உழைப்பாவது உருப்படியாகட்டும் என்று, பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றும்போது இயந்திரத்தால் படிக்க முடியாத சொற்களையே புதிராகக் கொடுக்கும் முறையை 2007-ல் கொண்டுவந்தார். 2009-ல் கூகுள் அதை வாங்கியது. சம்பளமில்லாமல் உலகமே எழுத்துக் கோத்தது. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. விநாடிகளைக் கூட்டிப் பார்த்து வெட்கப்பட்டவர்கள் என் தொழிலில் குறைவு.

வெட்கப்பட்ட இன்னொருவர் பில் பர். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்ற தொல்லையெல்லாம் பரவியதற்கு, 2003-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக அவர் எழுதிய வழிகாட்டி ஒரு முக்கியக் காரணம். 2017-ல், ஓய்வு பெற்ற பிறகு, அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே பேட்டியில் சொன்னார். அந்த நிறுவனமும் அதே வருடம் புது வழிகாட்டியில், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள். பாதுகாப்பு கூடவில்லை, எரிச்சல்தான் கூடியது. இத்தனைக்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. நான் செய்த படிவங்களிலும் அந்த விதியைத் திணித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

சரி, எல்லா நேர இழப்பும் கைமாறலால்தானா? இல்லை. இன்னொரு பெரிய காரணம், நாமே அளவுகோலை உயர்த்திக்கொண்டது. துணி துவைக்கும் இயந்திரம், தூசி உறிஞ்சும் இயந்திரம், குளிர்பெட்டி எல்லாம் வந்த காலத்தில் வீட்டு வேலை எவ்வளவு குறைந்தது என்று ஜோஆன் வானெக் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் புள்ளிவிவரங்களை எடுத்துப் பார்த்தார், 1974-ல் வெளியிட்டார். வெளி வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் 1920-களில் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். 1960-களில் 55 மணி நேரம். குறையவே இல்லை, மூன்று மணி நேரம் ஏறியிருந்தது!

ஏன் என்பதை 1983-ல் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் விளக்கினார். வாரம் ஒரு தடவை மாற்றிய சட்டையைத் தினமும் மாற்ற ஆரம்பித்தார்கள். வெளியே சலவைக்குப் போன துணி வீட்டுக்குள் திரும்பி வந்தது. விறகு பிளப்பது போன்ற ஆண்களின் பங்கை எரிவாயு அடுப்பு ஒழித்தது, பெண்களின் பங்கு அப்படியே நின்றது. வாசலுக்கு வந்துகொண்டிருந்த பொருள்களை வாங்க அவர்களே கார் ஓட்டிப் போக வேண்டியிருந்தது. முதுகொடியும் வேலை போனது உண்மை. கையால் கம்பளி துவைத்த யாரும் அந்த இயந்திரத்தைத் திட்ட மாட்டார்கள். மணி நேரம்தான் குறையவில்லை.

இதே கதை இன்று அலுவலகத்தில் நடக்கிறது. கடிதம் எழுதுவது கடினமாக இருந்தபோது வாரத்துக்கு நான்கு கடிதம் வந்தது. மின்னஞ்சல் எளிதானதும் நாளுக்கு நூறு. இப்போது செயற்கை நுண்ணறிவு இரண்டு வரிச் செய்தியை இரண்டு பக்கமாக நீட்டித் தருகிறது. வாங்குகிறவர் அதே கருவியிடம் கொடுத்து இரண்டு வரியாகச் சுருக்கிக்கொள்கிறார். இதைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் எழுதுவது இலவசமானால் படிப்பது பெருகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘இந்தக் கருவியால் வாரம் ஒரு நாள் மிச்சம்’ என்று யாராவது சொன்னால், அந்த ஒரு நாளில் என்ன புது அறிக்கை கேட்கப்போகிறார்கள் என்றுதான் என் மனம் போகிறது. பொருளாதார அறிஞர் கீன்ஸ் 1930-ல் எழுதிய ஒரு கட்டுரையில், நூறு வருடத்தில் மனிதர்கள் வாரம் 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்றார். 2030 இதோ வந்துவிட்டது. அவர் கணித்த அளவுக்குச் செல்வம் வளர்ந்தது, ஆசையும் கூடவே வளர்ந்ததைத்தான் அவர் சரியாக எடைபோடவில்லை.

இங்கே எனக்கே எதிரான ஒரு சாட்சியையும் வைக்க வேண்டும். மார்க் அகியார், எரிக் ஹர்ஸ்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், மக்கள் எழுதிவைத்த நேரக் குறிப்பேடுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் 1965-க்கும் 2003-க்கும் இடையில் ஓய்வு நேரம் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆண்களுக்கு வாரம் 6 முதல் 8 மணி, பெண்களுக்கு 4 முதல் 8 மணி. அந்த எண்களை நான் நம்புகிறேன். அது கையில் எல்லாருக்கும் திறன்பேசி வருவதற்கு முந்தைய கணக்கு என்றும் சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது முழுப் பதில் ஆகாது. நேரத்தின் அளவைவிட அதன் உருவம் மாறிவிட்டது என்பதுதான் என் ஊகம். முழுத் துணியாக இருந்த மாலை நேரம் இப்போது கிழிசல்களாகக் கிடைக்கிறது. எட்டு நிமிடம், பிறகு ஓர் ஒலி. பன்னிரண்டு நிமிடம், பிறகு ‘உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்’. கூட்டினால் இரண்டு மணி நேரம் வரும். அதில் ஒரு சட்டைகூடத் தைக்க முடியாது.

காத்திருப்பதிலும் இப்படி ஒரு மாற்றம். வரிசையில் நிற்கும்போது நாம் வேறெதுவும் செய்ய முடியாது, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். எரிச்சலான நேரம்தான், ஆனாலும் நம்முடையது. இப்போது வரிசை நம் சட்டைப்பைக்குள் இருக்கிறது. “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்று ஒன்று, “ஆவணம் தெளிவாக இல்லை, மீண்டும் பதிவேற்றவும்” என்று இன்னொன்று. ஒரே சமயத்தில் ஏழு வரிசையில் நிற்கிறோம், எதிலும் நிற்பதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் மோசமான கைமாறல் வீட்டுக்குள் நடப்பது. அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளருக்கு வந்த வேலை அங்கேயே நிற்பதில்லை. போனில் கொஞ்சம் விவரம் தெரிந்த ஒருவர் தலையில் மொத்தமாக இறங்குகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தத் தலை என்னுடையது. போன மாதம் பெரியம்மா கூப்பிட்டார். ஒரு கணக்கில் எண்ணை மாற்ற வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் அழுத்தினார். “தம்பி, அந்த ஆறு நம்பர் வந்துச்சுப்பா, நான் காதுலேர்ந்து எடுத்துப் பாக்குறதுக்குள்ள காணாமப் போச்சு.” காதில் வைத்துப் பேசும் அதே போனில்தான் அந்தக் குறுஞ்செய்தியும் வருகிறது. எடுத்துப் பார்த்து, கண்ணாடி போட்டு, ஆறு எண்ணை மனதில் வாங்கி, முந்தைய திரைக்குத் திரும்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்று தடவை முயன்றோம். மூன்றாவது தடவை கணக்கையே பூட்டிவிட்டது. “நீ ஆபீஸ்ல இதத்தான பண்ற?” என்று வேறு கேட்டார். ஆமாம், இதைத்தான் பண்ணுகிறேன். அந்த மாதிரித் திரைக்கு 60 விநாடி போதும் என்று ஒரு கூட்டத்தில் தலையாட்டியவன் நான். அந்த அறையில் எழுபது வயதுக்காரர் யாரும் இல்லை.

இந்த இடைஞ்சல்களில் ஒரு பங்கு தற்செயல், ஒரு பங்கு திட்டமிட்டது. சேர்வது ஒரே சொடுக்கில், விலகுவது ஒன்பது பக்கம் தாண்டி. பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் 2018-ல் இந்த வகைத் தடைகளைச் ‘சேறு’ என்று அழைத்தார். பொருத்தமான சொல், கால் வைத்தவர்களுக்குத் தெரியும். ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா சேர்க்கிறவர்கள் இணையத்திலேயே தெளிவாகத் தெரியும் விலகல் பொத்தானும் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இப்படி ஒரு பொத்தானுக்குச் சட்டம் போட வேண்டியிருக்கிறது என்பதே எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறது. பிரான்சில் 2017 முதல், குறைந்தது 50 பேர் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு ஊழியர் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றிப் பேசி முடிவெடுக்க வேண்டும். நடைமுறையில் எவ்வளவு பலன் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் இதெல்லாம் தனிமனிதரின் சோம்பல் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, பேரம் பேச வேண்டிய விஷயம் என்று ஒரு நாடு ஒத்துக்கொண்டதே பெரிது.

அதனால்தான், ‘போனைத் தூக்கி அலமாரியில் வையுங்கள், வாழ்க்கை மாறும்’ என்ற அறிவுரை எனக்குப் பிடிப்பதில்லை. அலமாரியில் வைத்தால் முகவரி தானாக மாறிவிடாது.

நான் செய்கிற சில சில்லறைக் காரியங்களைச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. இந்த நிழல் வேலைகளை வருகிற நேரத்தில் செய்வதில்லை. ஒரு தாளில் எழுதிவைத்து வாரத்தில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து முடிக்கிறேன். கவுன்டர் கிளார்க்கின் ரகசியமே அதுதானே, ஒரே மாதிரி வேலையைத் தொடர்ந்து செய்வது. ஒரு தடவை மட்டும் தேவைப்படும் இடத்துக்காகச் செயலியை நிறுவுவதில்லை. ஆள் இருக்கும் கவுன்டர் இன்னும் இருந்தால் நடந்து போய் அவரிடமே கேட்கிறேன். யாரும் போகாவிட்டால் அதையும் மூடிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. படித்தாகிவிட்டது என்று காட்டும் நீலக் குறியை 2014-ல் வாட்ஸப்பில் வந்த கொஞ்ச நாளிலேயே அணைத்துவிட்டேன். எப்போது படித்தேன் என்பது என் வீட்டு விவகாரம். ‘ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை’ என்று கேட்கும் எதற்கும் பதில் சொல்வதில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர் கூப்பிட்டால் உடனே எடுக்கிறேன், நேரில் போய் அவர் போனை வாங்கி நானே செய்துகொடுக்கிறேன்.

உங்கள் முகவரி விவகாரத்துக்கு வருகிறேன். அடுத்த தடவை வீடு மாறுவதற்கு முன்பு, இப்போதே, எங்கெல்லாம் மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எந்த இடத்தில் என்ன சான்று கேட்டார்கள், புகைப்படம் என்ன அளவு, எது முடிந்தால்தான் எது நடக்கும் என்பதோடு. நான் அப்படி எழுதியபோது பதினேழு இடம் வந்தது. இரண்டாவது தடவை மாறியபோது ஒன்றரை நாளில் முடித்து, ரொம்பப் பெருமையாக இருந்தது. பதினெட்டாவதாக ஒன்று இருந்தது. ஆறு மாதம் கழித்து, பழைய வீட்டில் குடிவந்தவர் ஒரு கடித உறையோடு வந்து கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது.